‘கனெக்ஷன் ஃபெயில்டு’: சரி, எந்த இடத்துல?



இந்த வார எபிசோடுல நெட்வொர்க் எர்ரர் பத்திப் பேச ஆரம்பிச்சு, நேரம் போதாம பாதியில நிறுத்திட்டோம். மீதியை எழுதித் தர்றேன்னு சொல்லியிருந்தேன், இதோ. கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க. பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, ஏதாவது ஒண்ணுல ஒரு ஏபிஐ-யைக் கூப்பிட்டுப் பார்த்திருந்தா போதும், முழுசும் புரியும்.

போன வருஷம் ஒரு கம்பெனியில எனக்கு மூணு மாசக் கான்ட்ராக்ட். அவங்க சொந்தமா எழுதி வச்சிருந்த ஒரு நெட்வொர்க்கிங் லைப்ரரியைச் சரி பண்ணணும். பைத்தான்ல எழுதினது. எழுதினவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. அந்தக் கம்பெனியில ஒரு சர்வீஸ் இன்னொரு சர்வீஸோட பேசணும்னா இந்த லைப்ரரி வழியாத்தான் போகணும்.

பிரச்சினை வெளியில தெரிஞ்ச விதம் இதுதான். கடைகள்ல இருந்து வர்ற ஆர்டரைக் கிடங்குக்கு அனுப்ப ஒரு சர்வீஸ் இருந்தது. சில நாள் ஒரே ஆர்டர் ரெண்டு தடவை கிடங்குக்குப் போயிடும். ரெண்டு பெட்டி கட்டுவாங்க, ரெண்டு பெட்டியும் லாரி ஏறிடும். லாக்கைத் திறந்து பார்த்தா ஒரே ஒரு வரி: “கனெக்ஷன் ஃபெயில்டு”.

அந்த ஆர்டர் சர்வீஸைப் பார்த்துக்கிட்டிருந்தது படிப்பு முடிச்சு முதல் வேலைக்கு வந்திருந்த ஒரு பொண்ணு. திங்கள்கிழமை மீட்டிங் வந்தா கேள்வி அவங்ககிட்டதான் போகும்: “உங்க சர்வீஸ் ஏன் ரெண்டு தடவை அனுப்புது?” அவங்க தன் கோடை எத்தனையோ தடவை படிச்சுப் பார்த்திருக்காங்க. அது ஒரு தடவைதான் அனுப்புது. ஆனா அதைக் காட்ட அவங்க கையில ஒண்ணும் இல்லை. அந்த ஒத்தை வரி யாருக்கும் சாட்சி சொல்லாது.

நான் அங்கே கத்துக்கிட்டதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு நெட்வொர்க் எர்ரரைப் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான கேள்வி ஒண்ணுதான்: இதை நான் திரும்ப அனுப்பலாமா? அதுக்குப் பதில் சொல்லாத எர்ரர் மெசேஜ் எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் அரைகுறைதான். ஏன்னு ஒவ்வொரு படியா பார்ப்போம்.

1. கனெக்ஷன்னா என்ன?

நம்ம மனசுல கனெக்ஷன்னா ஏதோ ஒயர் மாதிரி ஒரு படம் இருக்கும். டிசிபி-யில அப்படி ஒரு ஒயர் கிடையாது. ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டும் தன் தன் மெமரியில “நான் அவரோட பேசிக்கிட்டிருக்கேன், இதுவரைக்கும் இத்தனை பைட் போயிருக்கு, இத்தனை வந்திருக்கு”ன்னு ஒரு குறிப்பு வச்சிருக்கும். அந்த ரெண்டு குறிப்புதான் கனெக்ஷன். 1981-ல வந்த ஆர்எஃப்சி 793-லயும், அதுக்குப் பதிலா 2022-ல வந்த ஆர்எஃப்சி 9293-லயும் அடிப்படை இதுதான்.

ஆரம்பிக்கும்போது மூணு பாக்கெட் போகும். நான் ‘சின்’ அனுப்புவேன், அவர் ‘சின்-ஆக்’ அனுப்புவார், நான் ‘ஆக்’ அனுப்புவேன். முடிக்கும்போது மரியாதையா முடிச்சா ‘ஃபின்’: “நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்”. கதவைச் சாத்துற மாதிரி முடிச்சா ‘ரீசெட்’: “இந்தப் பேச்சே எனக்குத் தெரியாது”.

மூணாவதா ஒரு முடிவு இருக்கு. பாதிக் குழப்பம் அங்கேதான். எந்தப் பாக்கெட்டும் வராம, சத்தமே இல்லாம முடியறது.

ஊர்ல இருக்கிற பாட்டியோட (உங்க வீட்டுல அம்மம்மாவா இருக்கலாம்) ஃபோன்ல பேசினது ஞாபகம் இருக்கா? நீங்க ரெண்டு நிமிஷம் ஸ்கூல் கதை சொல்லிக்கிட்டே இருப்பீங்க. அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அப்புறம்தான் “பாட்டி? ஹலோ? கேக்குதா?” லைன் எப்பவோ போயிருக்கும். நீங்க கடைசியா சொன்னதுல பாட்டி எதைக் கேட்டாங்க, எதைக் கேக்கலைன்னு உங்களுக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டுத்தான் கேக்கணும்: “எதுவரைக்கும் கேட்டுச்சு?”

டிசிபி-யிலயும் அப்படியேதான். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரோட பவர் போகலாம், நடுவுல இருக்கிற ரவுட்டர் நம்ம கனெக்ஷனை மறந்துடலாம். அப்ப உங்க பக்கத்துக் குறிப்பு மட்டும் “பேசிக்கிட்டிருக்கோம்”னே சொல்லிக்கிட்டிருக்கும். பதிலுக்காகக் காத்திருக்கிற சாக்கெட்டுக்கு நீங்களா டைம்அவுட் வைக்கலைன்னா, அது எத்தனை நாள் வேணும்னாலும் காத்திருக்கும். “கீப்அலைவ்னு ஒண்ணு இருக்கே?”ன்னு கேப்பீங்க. லினக்ஸ்ல அதை நீங்கதான் ஆன் பண்ணணும். ஆன் பண்ணினாலும் முதல் சோதனைப் பாக்கெட் போக டீஃபால்ட்டா 7200 வினாடி ஆகும், அதாவது ரெண்டு மணி நேரம்.

2. எந்தக் கட்டத்துல விழுந்தது?

ஒரு ஹெச்டிடிபி கோரிக்கை போற வழியைக் கட்டம் கட்டமா பிரிச்சா, ஒவ்வொரு தோல்விக்கும் வேற அர்த்தம் வரும்.

*பேரைத் தேடுறது.* டிஎன்எஸ்-ல பேர் கிடைக்கலை. பாக்கெட் இன்னும் அந்த சர்வர் பக்கமே போகலை. உங்க ஆர்டர் அங்கே போயிருக்க வழியே இல்லை.

*கனெக்ட், மறுப்பு.* ‘கனெக்ஷன் ரிஃப்யூஸ்டு’, லினக்ஸ்ல எர்ரர் எண் 111. அந்த முகவரியில மெஷின் இருக்கு, ஆனா அந்தப் போர்ட்டுல யாரும் இல்லை. ‘சின்’னுக்குப் பதிலா உடனே ‘ரீசெட்’ வந்துடும். ரொம்ப வேகமா வர்ற எர்ரர் இது. இங்கேயும் ஆர்டர் போகலை.

*கனெக்ட், மௌனம்.* ‘சின்’ அனுப்பினோம், பதிலே இல்லை. பெரும்பாலும் நடுவுல ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாம விழுங்கிடும். லினக்ஸ் தானா விட்டுட்டா, பலமுறை முயற்சி பண்ணி ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனதும் எர்ரர் எண் 110 கொடுக்கும். ஆர்டர் போகலை.

*டிஎல்எஸ்.* சர்டிஃபிகேட் காலாவதி, இல்லை பேர் பொருந்தலை. கனெக்ஷன் கிடைச்சது, ஆனா பேச்சை ஆரம்பிக்கலை. ஆர்டர் போகலை.

*அனுப்பின பிறகு.* இங்கேதான் சிக்கல். ‘கனெக்ஷன் ரீசெட் பை பியர்’ (எண் 104), ‘புரோக்கன் பைப்’ (எண் 32), இல்லைன்னா பதிலுக்குக் காத்திருந்து ரீட் டைம்அவுட். சர்வர் ஆர்டரை வாங்கிச் சேமிச்சு வச்சுட்டு, பதில் சொல்ற நேரத்துல விழுந்திருக்கலாம். வாங்காமலே விழுந்திருக்கலாம். நம்ம பக்கத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தெரியாதுங்கிறதுதான் இங்கே நேர்மையான பதில்.

கவனிங்க, முதல் நாலும் “போகவே இல்லை” குடும்பம். அஞ்சாவது “தெரியாது” குடும்பம். இன்னொரு குடும்பமும் உண்டு: சர்வர் பதில் சொல்லிடுச்சு, ஆனா அது 400, 409, 500 மாதிரி நமக்குப் பிடிக்காத பதில். அது கனெக்ஷன் எர்ரரே கிடையாது. எங்க லைப்ரரி இந்த மூணு குடும்பத்தையும் ஒண்ணாக் கட்டி “கனெக்ஷன் ஃபெயில்டு”ன்னு பேர் வச்சிருந்தது.

3. நான் முதல்ல செஞ்ச தப்பு

இதைச் சொல்லாம விட்டா பாடம் முழுசாகாது.

வந்த ரெண்டாவது வாரம், லைப்ரரியில தற்காலிகமா கொஞ்சம் லாக் சேர்த்துப் பார்த்தேன். நிறைய இடத்துல ‘ரீசெட் பை பியர்’. காரணமும் சீக்கிரமே கிடைச்சது. லைப்ரரி பயன்படுத்தின கனெக்ஷனை மூடாம ஒரு பூல்ல வச்சிருந்து அடுத்த கோரிக்கைக்குத் திரும்பக் கொடுக்கும். நல்ல பழக்கம்தான், ஒவ்வொரு தடவையும் டிஎல்எஸ் பேசுற நேரம் மிச்சம். ஆனா கிடங்கு சர்வருக்கு முன்னாடி ஒரு லோடு பேலன்ஸர் இருந்தது. 60 வினாடி சும்மா இருக்கிற கனெக்ஷனை அது மூடிடும். எங்க ஆர்டர் வேலை ஓடினது நிமிஷத்துக்கு ஒரு தடவை! அவங்க மூடுற அதே நொடியில நாங்க கதவைத் தட்டிக்கிட்டிருந்தோம். சில தடவை உள்ளே போயிடுவோம், சில தடவை மூக்குல இடிக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, பல பேர் இங்கே ஏமாறுவாங்க. அந்தப் பக்கம் மூடின சாக்கெட்டுல நீங்க எழுதினா, முதல் தடவை எழுதுறது வெற்றின்னுதான் வரும். ஏன்னா ‘சென்ட்’ங்கிறது பைட்டுகளை உங்க கெர்னலோட பஃபருக்கு மாத்துது, அவ்வளவுதான். அது அந்தப் பக்கம் போய், அங்கேருந்து ‘ரீசெட்’ திரும்பி வந்த பிறகு, அடுத்து படிக்கும்போதோ எழுதும்போதோதான் எர்ரர் தெரியும். “சென்ட் வெற்றி, அதனால ஆர்டர் போயிடுச்சு”ன்னு எழுதற கோடு தப்பு.

சரி, காரணம் தெரிஞ்சிடுச்சு. பழைய கனெக்ஷன்ல விழுந்தா புதுசு திறந்து அனுப்பினா போச்சு. ரீட்ரை எண்ணிக்கை 3-ஆ இருந்ததை 5-ஆ மாத்தினேன். வெள்ளிக்கிழமை மதியம் டிப்ளாய் பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

திங்கள்கிழமை பார்த்தா, ரெட்டை ஆர்டர் முன்னைவிட அதிகம். ஒரு கடைக்கு ஒரே சரக்கு மூணு தடவை போயிருந்தது. மீட்டிங்ல கேள்வி வழக்கம்போல அந்தப் பொண்ணுகிட்ட போச்சு. நான் குறுக்கே போய், “அது என் மாற்றம், அவங்க சர்வீஸ்ல யாரும் எதையும் தொடலை”ன்னு சொன்னேன். சொல்ல வாய் கூசினது. மூணு மாசக் கான்ட்ராக்ட்டுக்கு வந்தவன், ரெண்டாவது வாரத்துல இப்படி. ஆனா சொல்லாம இருந்திருந்தா அவங்கதான் மாட்டியிருப்பாங்க.

நடந்தது என்னன்னா, அங்கே ரெண்டு வியாதி இருந்தது, ரெண்டுக்கும் ஒரே பேர். ஒண்ணு நான் கண்டுபிடிச்ச பழைய கனெக்ஷன். இன்னொண்ணு, ஞாயிறு ராத்திரி கிடங்கு சிஸ்டம் சரக்குக் கணக்கு எடுக்கும்போது பதில் சொல்ல 12, 15 வினாடி எடுத்துக்கும். எங்க ரீட் டைம்அவுட் 10 வினாடி. சர்வர் ஆர்டரை வாங்கி வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போதே நாங்க “ஃபெயில்டு”ன்னு முடிவு பண்ணி, அதே ஆர்டரைத் திரும்ப அனுப்பிடுவோம். முதல் வியாதிக்கு நான் கொடுத்த மருந்து ரெண்டாவதுக்கு விஷமாயிடுச்சு. எர்ரர் மெசேஜ் ரெண்டையும் பிரிச்சுச் சொல்லியிருந்தா இந்தத் தப்பை நான் செஞ்சிருக்கவே மாட்டேன்.

4. காரணம் எங்கே காணாம போச்சு?

அதுக்கப்புறம் கோடை மாத்துறதை நிறுத்திட்டு, முதல்ல எர்ரர் ரிப்போர்ட்டை மட்டும் சரி பண்ணினேன். காரணம் தொலைஞ்சது மூணு இடத்துல.

முதல் இடம், ரீட்ரை லூப். லூப்புக்குள்ள எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் பிடிச்சு, ஒண்ணும் சொல்லாம அடுத்த முயற்சிக்குப் போயிடும். எல்லா முயற்சியும் தோத்த பிறகு லூப்புக்கு வெளியே வந்து புதுசா “கனெக்ஷன் ஃபெயில்டு”ன்னு ஒரு எக்ஸெப்ஷன் எழுப்பும். பைத்தான்ல ஒரு எக்ஸெப்ஷனைப் பிடிச்ச இடத்துக்குள்ளேயே இன்னொண்ணு எழுப்பினா, பழைய காரணம் தானா கூட ஒட்டிக்கும். வெளியே வந்து எழுப்பினா ஒட்டாது. கடைசி எர்ரரை ஒரு வேரியபிள்ல வச்சிருந்து ‘ரெய்ஸ் ஃப்ரம்’ போட்டா சங்கிலி அறுந்து போகாது. கோ மொழியில இதே வேலைக்கு 1.13 பதிப்புல இருந்து ‘பர்சென்ட் டபிள்யூ’ இருக்கு. எந்த மொழியா இருந்தாலும் விதி ஒண்ணுதான்: மேல புது அர்த்தம் சேருங்க, கீழே இருக்கிற காரணத்தைத் தூக்கிப் போடாதீங்க.

ரெண்டாவது இடம், பல முகவரி. ஒரு பேருக்கு ஐபிவி4-ல ஒண்ணு, ஐபிவி6-ல ஒண்ணுன்னு பல முகவரி இருக்கலாம். பைத்தானோட ‘கிரியேட் கனெக்ஷன்’ ஒவ்வொண்ணா முயற்சி பண்ணும். எல்லாம் தோத்தா டீஃபால்ட்டா கடைசி முகவரியோட எர்ரர் மட்டும் கைக்கு வரும். எங்க கன்டெய்னருக்கு ஐபிவி6 வழியே கிடையாது. அதனால ஐபிவி4-ல டைம்அவுட் ஆன பிறகு, கடைசியா ஐபிவி6-ஐத் தொட்டு ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’னு முடியும். நெட்வொர்க் டீம் ஒரு தடவை முழு நாள் ஐபிவி6-ஐத் தேடி அலைஞ்சிருக்காங்க. நிஜ எர்ரர் அதுக்கு முன்னாடி வந்த டைம்அவுட். பைத்தான் 3.11-ல இதுக்குன்னே ‘ஆல் எர்ரர்ஸ்’னு ஒரு ஆப்ஷன் வந்திருக்கு. அதை ஆன் பண்ணினா எல்லா முகவரியோட எர்ரரும் ஒரு குழுவா வரும்.

மூணாவது இடம், பாதிப் பதில். சாக்கெட்டுல படிக்கும்போது 0 பைட் வந்தா அந்தப் பக்கம் மூடிட்டாங்கன்னு அர்த்தம். பதில் முழுசா வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஹெட்டர்ல 5,000 பைட் வரும்னு சொல்லிட்டு 3,000-ல மூடினா அது தோல்வி. எங்க லைப்ரரி அதை வெற்றின்னு மேல அனுப்பிடும், அங்கே ஜேசன் உடைஞ்சு, திட்டு ஜேசனுக்கு விழும்.

இது மூணையும் சரி பண்ணினதும் லாக் வரி இப்படி மாறினது:

“கிடங்கு சர்வர், 10.0.4.17, போர்ட் 443 | கட்டம்: பதிலுக்குக் காத்திருந்தது | கனெக்ஷன்: புதுசு | அனுப்பினது 1,842 பைட், வந்தது 0 | கழிஞ்ச நேரம் 10.0 வினாடி | முயற்சி 1 | முடிவு: தெரியாது | காரணம்: ரீட் டைம்அவுட்”

ஒரே வரிதான். ஆனா யார் படிச்சாலும் அடுத்து என்ன பண்ணணும்னு தெரியும். ஒரு எச்சரிக்கை: ஆர்டர் விவரம், டோக்கன், பாஸ்வேர்டு எதையும் இந்த வரியில போடாதீங்க. லாக்கைப் படிக்கிறவங்க நீங்க நினைக்கிறதைவிட அதிகம்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். “நீங்க வந்த பிறகு டாஷ்போர்டுல எர்ரர் எண்ணிக்கை ஏறிடுச்சே?” ஏறத்தான் செய்யும். முன்னாடி ரெண்டாவது முயற்சியில பிழைச்சதெல்லாம் சத்தமில்லாம மறைஞ்சு போகும், பாதிப் பதில் எல்லாம் வெற்றிக் கணக்குல இருந்தது. இப்ப அதெல்லாம் வெளியே தெரியுது. இதை விளக்க அரை மணி நேரம் ஆச்சு. இப்படி ஒரு வேலைக்கு நீங்க போனா, டிப்ளாய் பண்றதுக்கு முன்னாடியே இதைச் சொல்லி வச்சுடுங்க. நான் சொல்லி வைக்கலை.

5. மருந்து

கட்டம் தெரிஞ்ச பிறகு சரி பண்றது அவ்வளவு கஷ்டம் இல்லை.

*பூல்.* சும்மா இருக்கிற கனெக்ஷனை எதிர்ப் பக்கம் மூடுறதுக்கு முன்னாடி நாமே மூடிடணும். அவங்க 60 வினாடின்னா நாங்க 45 வச்சோம். திரும்பப் பயன்படுத்துறதுக்கு முன்னாடி, சாக்கெட்டுல படிக்க ஏதாவது காத்திருக்கான்னு ஒரு பார்வை. பேசாம இருக்க வேண்டிய ஹெச்டிடிபி/1.1 கனெக்ஷன்ல ஏதோ காத்திருக்குன்னா, பெரும்பாலும் அது ‘ஃபின்’. தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். ஆனா இந்தப் பார்வை எல்லாத்தையும் பிடிக்காது. நீங்க பார்க்கும்போது ‘ஃபின்’ இன்னும் வழியில வந்துக்கிட்டிருக்கலாம். அதனால அடுத்த மருந்துகளும் வேணும். சர்வர் எழுதுறவங்களுக்கு ஒண்ணு: நோட் ஜேஎஸ்-ல சர்வரோட கீப்அலைவ் டைம்அவுட் பல வருஷமா டீஃபால்ட்டா 5 வினாடி. முன்னாடி 60 வினாடி லோடு பேலன்ஸர் வச்சா, இதே மோதல் உங்க வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

*டைம்அவுட்.* ஒண்ணு போதாது, மூணு வேணும். கனெக்ட்டுக்கு ஒண்ணு, சின்னதா. பதிலுக்கு ஒண்ணு, அந்த சர்வர் நிஜமா எடுத்துக்கிற நேரத்தைப் பார்த்து. எல்லா முயற்சிக்கும் சேர்த்து மொத்தமா ஒரு கெடு. மொத்தக் கெடு இல்லைன்னா 10 வினாடி டைம்அவுட்டும் 3 முயற்சியும் சேர்ந்து 30 ஆயிடும், உங்களைக் கூப்பிட்டவர் அதுக்குள்ள கிளம்பிப் போயிருப்பார். பைத்தான்ல எல்லாரும் பயன்படுத்துற ‘ரிக்வெஸ்ட்ஸ்’ல நீங்க சொல்லலைன்னா டைம்அவுட்டே கிடையாது, ஞாபகம் வச்சுக்குங்க.

*ரீட்ரை.* “போகவே இல்லை” குடும்பமா? கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப அனுப்பலாம், பயமில்லை. சர்டிஃபிகேட் எர்ரர் மட்டும் திரும்ப அனுப்பினா மாறாது, மனுஷன்தான் சரி பண்ணணும். இடைவெளியை ஒவ்வொரு தடவையும் கூட்டுங்க, அதுல கொஞ்சம் ரேண்டமும் சேருங்க. இல்லைன்னா விழுந்து எழுந்த சர்வர் மேல எல்லாரும் ஒரே நொடியில பாய்வாங்க. “தெரியாது” குடும்பமா? கெட், புட், டிலீட் மாதிரி ரெண்டு தடவை செஞ்சாலும் ஒரு தடவை செஞ்ச பலனே வர்ற கோரிக்கைன்னா அனுப்பலாம். போஸ்ட்னா கூடாது. 2022-ல வந்த ஆர்எஃப்சி 9110-உம் இதைத்தான் சொல்லுது. எங்க லைப்ரரி போஸ்ட்டைத் தானா திரும்ப அனுப்புறதை நிறுத்தினேன். “தெரியாது”ங்கிற பதிலை அப்படியே மேல கொடுத்துட்டேன்.

*அடையாள எண்.* ஆனா ஆர்டர் போகணுமே? “பாட்டி, எதுவரைக்கும் கேட்டுச்சு?”ன்னு கேக்க ஒரு வழி வேணும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி அடையாளம் வச்சு அனுப்பினோம். கிடங்கு சர்வர் அந்த அடையாளத்தை ஆர்டரோட சேர்த்து, ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன்ல, ரெண்டாவது தடவை நுழைய முடியாத மாதிரி யூனிக்காச் சேமிக்கும். அதே அடையாளம் திரும்ப வந்தா புது ஆர்டர் போடாம பழைய பதிலையே கொடுக்கும். ஸ்ட்ரைப் மாதிரி பணம் வாங்கித் தர்ற ஏபிஐ-கள்ல இது ‘ஐடெம்போடன்சி கீ’ங்கிற பேர்ல இருக்கு. ஒரே ஒரு கவனம்: அந்த அடையாளத்தை ரீட்ரை லூப்புக்கு வெளியே, முதல் முயற்சிக்கு முன்னாடி உருவாக்குங்க. லூப்புக்குள்ள உருவாக்கினா ஒவ்வொரு முயற்சிக்கும் புது அடையாளம் வரும், செஞ்ச வேலை அத்தனையும் வீண்.

இந்தக் கடைசி மருந்துக்குக் கோடு எழுத ஒரு நாள்தான் ஆச்சு. கிடங்கு டீமைச் சம்மதிக்க வைக்க மூணு வாரம். “எங்க பக்கம் ஒண்ணும் தப்பில்லையே”ன்னாங்க. உண்மைதான், தப்பு இல்லை. மீட்டிங்குக்கு அந்தப் பொண்ணு ஒரு பிரிண்ட்அவுட்டோட வந்தாங்க. ஞாயிறு ராத்திரி விழுந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் எங்க லாக் வரி ஒண்ணு, அதுக்குக் கீழே அதே ஆர்டருக்குக் கிடங்கு டேட்டாபேஸ்ல பதிவான நேரம். எங்க பக்கம் “தெரியாது”ன்னு கைவிட்டதுக்கு ரெண்டு மூணு வினாடி கழிச்சு, அவங்க பக்கம் ஆர்டர் பதிவாகியிருந்தது. அதுக்கு மேல யாரும் எதுவும் பேசலை. அந்தப் பிரிண்ட்அவுட்டை எடுத்தது அவங்களேதான், நான் கேக்கக்கூட இல்லை.

6. வீட்டுல செஞ்சு பாருங்க

படிச்சா மட்டும் இது மண்டையில ஏறாது. டெர்மினலைத் திறந்து ‘கர்ல்’ வச்சு எர்ரரை நீங்களே வரவழைங்க. ஒவ்வொண்ணுக்கும் பிறகு எக்ஸிட் கோடைப் பாருங்க. கட்டத்தைப் பிரிச்சுச் சொல்றதுல கர்ல் நல்ல வாத்தியார்.

அ) ‘டாட் இன்வேலிட்’னு முடியற ஏதாவது ஒரு பேரைக் கூப்பிடுங்க. அந்த முடிவு யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு 1999-லயே ஒதுக்கி வச்சது. கோடு 6 வரும்: பேர் கிடைக்கலை.

ஆ) உங்க கம்ப்யூட்டர்லயே, 127.0.0.1-ல, யாரும் இல்லாத ஒரு போர்ட்டைக் கூப்பிடுங்க. கோடு 7, கண் இமைக்கிறதுக்குள்ள.

இ) 192.0.2.1-ஐக் கூப்பிட்டு, அதிகபட்ச நேரம் 5 வினாடின்னு கொடுங்க. உதாரணம் காட்டுறதுக்காகவே ஒதுக்கின முகவரி அது. பெரும்பாலும் 5 வினாடி மௌனம், அப்புறம் கோடு 28. உங்க ரவுட்டர் “வழி இல்லை”ன்னு உடனே சொல்லிட்டா 7 வரலாம். ஏன்னு யோசிங்க, அதுவும் பாடம்தான்.

ஈ) பைத்தான்ல பத்து வரியில ஒரு சர்வர்: ‘லிஸன்’ பண்ணுங்க, ‘அக்செப்ட்’ பண்ணாம தூங்க விடுங்க. அதைக் கர்ல்ல கூப்பிட்டா கனெக்ட் வெற்றின்னு வரும்! கைகுலுக்குறது உங்க புரோகிராம் இல்லை, கெர்னல். “கனெக்ட் ஆச்சு, அதனால சர்வர் நல்லா இருக்கு”ன்னு எழுதின ஹெல்த் செக்கை இனிமே நம்புவீங்களா?

உ) அதே சர்வர்ல ‘அக்செப்ட்’ பண்ணி, வந்த கோரிக்கையைப் படிச்சிட்டு, பதில் சொல்லாம மூடுங்க. கோடு 52: காலிப் பதில். இப்ப உங்களையே கேளுங்க: இது எந்தக் குடும்பம்? திரும்ப அனுப்பலாமா?

கூடவே வயர்ஷார்க்கைத் திறந்து வச்சுக்கிட்டா ‘சின்’, ‘ஃபின்’, ‘ரீசெட்’ எல்லாம் கண்ணால பார்க்கலாம். முதல் தடவை பார்க்கிற சந்தோஷமே தனி.

அப்புறம் இந்த வாரம் நீங்க எழுதின ஏதாவது ஒரு கோடை எடுத்து, எக்ஸெப்ஷன் பிடிக்கிற இடங்களைத் தேடுங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஒரே கேள்வி: ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த வரியைப் படிக்கிறவர், திரும்ப அனுப்பலாமா கூடாதான்னு இதை வச்சு முடிவு பண்ண முடியுமா? முடியாதுன்னா அங்கேருந்து ஆரம்பிங்க. அந்த ராத்திரி ரெண்டு மணி ஆள் பல தடவை நீங்களேதான்.

“ஈ” பயிற்சியில கியூ நிரம்புற வரைக்கும் எத்தனை கனெக்ஷன் உள்ளே போச்சுன்னு எண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோடை அதுல இருந்தே ஆரம்பிப்போம்.